ஒடுகத்தூர் வழி கட்டாகிவிட்டது

ஒரு வழியில் அனுப்பியதற்குப் பதில் வரவில்லை என்றால், எவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு அந்த வழி செத்துவிட்டது என்று முடிவு செய்யலாம்? கல்லூரித் தேர்வில் இப்படிக் கேட்டிருந்தால் ஏதோ ஓர் எண்ணை எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பேன். இப்போது அதே கேள்வி என் வீட்டு மேஜையில் இருக்கிறது. என்ன எழுதினாலும் அடுத்த நாள் அழித்துவிடுகிறேன்.

சென்னையில் உள்ள ஒரு கம்பெனிக்கு, ஜவ்வாது மலையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். மருந்துக் கிடங்குகளின் கணக்கு ஓடும் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலை. ஏதாவது நின்றால் கிளப்பிவிட வேண்டும், நிற்கப்போகிறது என்றால் முன்னதாகவே சொல்ல வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து மறுபடி சேர்ந்தபோது, எங்கள் குழுவுக்குத் தலைவியாக இருக்கும் மேடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மலையிலிருந்தே பார்க்கலாம், ஆனால் இணைப்பு அறுந்துகொண்டே இருந்தால் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும்.

சென்னைக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் என்பதை நான் எத்தனையோ முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என் கணவர் ஜீப் ஓட்டுகிறார். மேலேயிருக்கும் ஊர்களிலிருந்து ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு அடிவாரத்துக்குப் போய் வருவதுதான் அவர் தொழில். அந்த வண்டிக்குச் சென்னையில் வேலை இல்லை. ஆகவே நான் மட்டும் போக வேண்டும். எங்கள் மகள் இப்போதுதான் சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். அவளைக் கூட்டிப்போனால் பகலெல்லாம் யாரோ ஒருவரிடம் விட வேண்டும். விட்டுவிட்டுப் போனால் வாரத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடியும். இரண்டில் எது குறைந்த தவறு என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் மூன்றாவதாக, இணைப்பு அறாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து இணையத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. கூரைமேல் இருக்கும் ஆன்டெனாத் தட்டு ஒடுகத்தூரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. அங்கே கேபிள் கடை வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பக்கத்துக் கம்பத்தில் இன்னொரு தட்டை மாட்டியிருக்கிறார். எங்கள் தட்டிலிருந்து இறங்கும் வயர் என் கம்ப்யூட்டருக்கு வருகிறது. இரண்டாவது வழி என் போன். கிழக்குப் பக்க ஜன்னல் கட்டையில் வைத்தால் மட்டும் கலசப்பாக்கம் பக்கத்துச் சரிவில் நிற்கும் டவர் அதற்குக் கிடைக்கும். முதல் வழி வேகமானது, காற்றடித்தால் திக்கும். இரண்டாவது மெதுவானது, மேகம் இறங்கினால் மங்கும். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் வைத்த பெயர் ஒடுகத்தூர் வழி, கலசப்பாக்கம் வழி. நான் பிறந்த ஊர் கலசப்பாக்கத்துக்குப் பக்கம் என்பதால் கணவருக்கு ஒரு வசதி.

"இன்னாம்மா, உங்க அம்மா வூட்டு வழி இன்னிக்கும் நொண்டுதா?" என்பார்.

"நொண்டுனாலும் வூடு வந்து சேருது இல்ல? உங்க வழி காத்தடிச்சா படுத்துக்குது."

எந்த வழியாகப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. அதற்கு ரூட்டிங் டேபிள் என்று பெயர். கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபி ரூட்' என்று தட்டினால் சில வரிகள் வரும். அவற்றில் 'டிஃபால்ட்' என்று தொடங்கும் வரிதான் முக்கியம். வேறு எதுவும் தெரியாவிட்டால் இந்த வாசல் வழியாகப் போ என்பது அதன் பொருள். எனக்கு அப்படி இரண்டு வரிகள் வரும். ஒவ்வொன்றின் கடைசியிலும் மெட்ரிக் என்று ஓர் எண் இருக்கும். எண் சிறிதாக இருக்கும் வரிக்குத்தான் முதல் மரியாதை. வயருக்குச் சிறிய எண், போனுக்குப் பெரிய எண். யாரும் தொடாவிட்டால் எல்லாம் ஒடுகத்தூர் வழியாகவே போகும்.

இதில் ஒரு கோளாறு இருக்கிறது. ஒடுகத்தூர்க் கம்பத்தில் என்ன கெட்டுப்போனாலும், எங்கள் வீட்டுக் கூரைத் தட்டு பேட்டரியில் உயிரோடுதான் இருக்கும். வயரில் விளக்கு எரியும். வாசல் திறந்திருக்கிறது, ஆகவே வழியும் நன்றாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டே இருக்கும். அனுப்பியதெல்லாம் கூரையோடு நின்றுவிடும். பக்கத்திலேயே போன் வழி சும்மா கிடந்தாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. அதைத் திருப்ப ஒரு மனுஷி வேண்டும். நான் கறுப்புத் திரையில் ஒடுகத்தூர் வரியை அழிப்பேன். கலசப்பாக்கம் வரி மட்டும் மிஞ்சும், வேலை ஓடும். தட்டு சரியானதும் அழித்த வரியை மறுபடி தட்டிச் சேர்ப்பேன். இப்படியே சில வாரங்கள் ஓடின. மேடத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

போனை யாரும் ஜன்னலிலிருந்து எடுக்கக்கூடாது, வேலை நேரத்தில் அதற்கு யாரும் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் ஒரு சட்டம் போட்டிருந்தேன். அழைப்பு வந்தால் இணைப்பு அறுந்துவிடுமோ என்ற பயம்தான். உண்மையில் அறுமா என்று சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் என் கணவரும் மாமியாரும் அதை அப்படியே கடைப்பிடித்தார்கள்.

ஒரு சந்தை நாள் காலை. தூறலும் காற்றுமாக இருந்தது. கணவர் மேலே உள்ள ஊர்க்காரர்களை ஏற்றிவரப் போயிருந்தார். அவர் திரும்பி வந்ததும் ஒடுகத்தூர் சந்தைக்குப் போக, பக்கத்து வீட்டு அக்கா ஒரு சாமை மூட்டையோடு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து என் மகளுக்கு விளையாட்டு காட்டிக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் கம்ப்யூட்டர் வழியாக மேடத்தோடு பேச்சில் இருந்தேன். அவர் குரல் பாதியில் நின்றது. இருக்கிறாயா என்று கேட்கும் ஒரு பிங்கைச் சர்வர்களுக்கு அனுப்பிப் பார்த்தேன். பதில் இல்லை. மறுபடி அனுப்பினேன். இல்லை. அந்த நேரம் பார்த்து மாமியார் ஜன்னல் பக்கம் போய்ப் போனைக் கையில் எடுப்பது தெரிந்தது. மழைச் சாரல் படுகிறதே என்று நல்ல எண்ணத்தில்தான் எடுத்தார்.

"அத்தை, அத்த வச்சிடுங்க. ஒடுகத்தூர் வழி கட்டாயிடுச்சு. இனிமே எல்லாம் கலசப்பாக்கம் வழியாத்தான் போவணும்."

மாமியாருக்குப் புரிந்தது. வைத்துவிட்டார். நான் ஒடுகத்தூர் வரியை அழித்தேன். மேடத்தின் குரல் திரும்பி வந்தது. நிம்மதியாக இருந்தது. கூடத்தில் இருந்த அக்கா எழுந்து போனதை நான் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு வெளியே நடந்ததை மாலையில்தான் கேட்டேன். அக்கா ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய், அங்கே மூட்டைகளோடு நின்றவர்களிடம், "ஒடுகத்தூர் தடம் கட்டாம். மரம் வுழுந்து கீதாட்டம் இருக்குது. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துட்டுச் சொல்லுச்சு" என்றிருக்கிறார். கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னது என்றதும் யாரும் சந்தேகப்படவில்லை. என் கணவர் வந்ததும் அவரிடமும் சொன்னார்கள். எனக்குக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வேலை நேரத்தில் கூப்பிடக்கூடாதே. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கலசப்பாக்கம் பக்கம் சுற்றி இறங்கிவிட்டார்.

உள்ளே நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். காலையிலேயே காற்று அடங்கி, தட்டு சரியாகிவிட்டது. ஆனால் அந்த வரியைத்தான் நான் அழித்துவிட்டேனே. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது. மறுபடி சேர்த்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. சேர்த்து, அது இன்னும் செத்தே இருந்தால் ஓடிக்கொண்டிருப்பதும் அறுந்துவிடுமே என்று கையை எடுத்துக்கொண்டேன். அழிக்காமல், எண்ணை மட்டும் பெரிதாக்கி வைத்திருக்கலாம். ஒரே ஓர் இணைய முகவரிக்கு மட்டும் ஒடுகத்தூர் வழியாகப் போ என்று தனி வரி போட்டுச் சோதித்துப் பார்த்திருக்கலாம். இரண்டும் நான் படித்தவைதான்.

மதியம், கிடங்குகளின் கணக்கு ஏறுகிற நேரத்தில் மேகம் இறங்கியது. கலசப்பாக்கம் வழி மங்கி, பிறகு முழுதாக நின்றது. சர்வரில் கணக்கு பாதியில் நின்றதை மேடம்தான் அங்கிருந்து பார்த்துச் சரிசெய்தார். நான் ஒடுகத்தூர் வரியைத் தட்டிச் சேர்த்து உள்ளே போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அன்று வேலை முடிகிற நேரத்தில் அவரே கூப்பிட்டார்.

"ரெண்டு லைன் இருக்குன்னு சொன்னீங்களே?"

"இருந்துச்சு மேடம். ஒண்ண நான்தான் எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"செத்துப்போச்சுன்னு நினைச்சேன்."

"செத்துச்சா?"

"இல்ல மேடம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துச்சு."

அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். உங்கள் கையை நம்பி இதை விட முடியாது, நீங்கள் குழந்தைக்குச் சோறு ஊட்டப் போயிருந்தாலும் அது தானாக மாற வேண்டும் என்றார். இந்த மாதக் கடைசிவரை பார்ப்போம். தானாக மாறினால் அங்கேயே இருங்கள். இல்லையென்றால் இங்கே உங்களுக்கு ஒரு மேஜை ஒதுக்கச் சொல்கிறேன்.

இருட்டுகிற நேரத்தில் ஜீப் வந்தது. முதலில் இறங்கியவர் அக்காதான்.

"இன்னா பொண்ணு, ஒடுகத்தூர்லேர்ந்து பால் வண்டி ஜம்முனு மேல வந்துச்சாமே. நீ இன்னாத்த பாத்து சொன்ன?"

"நான் ரோட்டைச் சொல்லலக்கா. நெட்டைச் சொன்னேன்."

"நெட்டுக்கு ஏன்டி ஊர் பேரு வைக்கிறீங்க? சாமைய கலசப்பாக்கத்துல எறக்கினா, அங்க யாவாரி என்னமோ நானு களவாண்டுக்கினு வந்தாப்பல மொறைக்கிறான்."

"வித்துச்சா?"

"வித்துச்சு, வித்துச்சு. உங்க ஊர்க்காரன்தானே. உம் பேரச் சொல்லிட்டு வந்துருக்கேன்."

கணவர் டிக்கியிலிருந்து காலிச் சாக்குகளை எடுத்துக்கொண்டே சிரித்தார். மேடம் சொன்னதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. மகள் அவர் காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு, "அது தானா மாறறாப்பல எப்படியாச்சும் பண்ணிடு" என்று மட்டும் சொன்னார்.

இப்போது என் கம்ப்யூட்டரில் நான் எழுதிய ஒரு சிறிய ஸ்கிரிப்ட் ஓடுகிறது. ஒடுகத்தூர் வழியாக மட்டும் போகும்படி தனி வரி போட்ட ஒரு முகவரிக்கு அது நொடிக்கொரு பிங் அனுப்புகிறது. தொடர்ந்து இத்தனை முறை பதில் வராவிட்டால் போன் வழிக்குச் சிறிய எண்ணைக் கொடுத்து எல்லாவற்றையும் அங்கே திருப்புகிறது. எதையும் அழிப்பதில்லை. பதில் மறுபடி வரத் தொடங்கினால் எண்களைப் பழையபடி ஆக்குகிறது. எழுதுவது பெரிய வேலையாக இல்லை. அந்த 'இத்தனை' எத்தனை என்பதில்தான் நின்றுபோயிருக்கிறேன்.

மூன்று என்று வைத்தேன். காற்றுள்ள ஒரு பிற்பகலில் ஸ்கிரிப்ட் இங்கும் அங்கும் தாவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தாவலுக்கும் அலுவலகத்துக்குப் போகும் விபிஎன் இணைப்பு அறுந்து, நான் மறுபடி கடவுச்சொல் போட்டு உள்ளே போக வேண்டியிருந்தது. வழி மாறாமல் இருந்திருந்தால் அந்தத் திக்கல்கள் தாமாகவே கடந்துபோயிருக்கும். முப்பது என்று வைத்தேன். வழி உண்மையிலேயே செத்த ஒரு நாளில், நான் பேசப் பேச மறுமுனையில் ஒன்றும் கேட்காமல் அரை நிமிடம் போனது. "லைன்ல இருக்கீங்களா?" என்று மேடம் கேட்டது கடைசியில் வந்து சேர்ந்தது. இப்போது பன்னிரண்டில் இருக்கிறது. ஏன் பன்னிரண்டு என்று யாராவது கேட்டால் சொல்ல என்னிடம் காரணம் இல்லை.

கணவரிடம் கேட்டேன். "வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா நானு மூணு வாட்டி அடிப்பேன். அப்புறம் எறங்கித் தள்ளுங்கன்னுடுவேன்" என்றார். தள்ளுகிறவர்களுக்குத்தானே அது கஷ்டம் என்றேன். "அதான் மூணு வாட்டி அடிக்கிறேன். இல்லன்னா ஒரு வாட்டிதான்" என்றார்.

மாதம் முடிய இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. எழுதுகிறபோது மகள் பக்கத்து அறையில் சிணுங்குகிறாள். மாமியார் இருக்கிறார் என்று தெரிந்தும் காது அங்கேதான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் இரண்டு இணைப்புகளை வைத்து வேலை செய்கிறவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். உங்கள் ஊரில் எத்தனை பதில் வராவிட்டால் ஒரு வழியைக் கைவிடுகிறீர்கள்? அது திரும்பி வந்துவிட்டது என்று நம்ப எத்தனை நல்ல பதில்கள் வேண்டும் என்று வைத்திருக்கிறீர்கள்? இரண்டுக்கும் ஒரே எண்ணா, வேறு வேறா? எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது, எப்படி அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்றும் சொன்னால் நான் அதை மேடத்திடம் தைரியமாகச் சொல்ல முடியும். இதையெல்லாம் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போவதே குழந்தைக்கு நல்லது என்று நினைக்கிறவர்கள் இருந்தால், அவர்களும் சொல்லலாம். அதற்கும் காரணத்தோடு சொல்லுங்கள்.