கட்டிலைத் திருப்பிய வாரம்

நம் ஆஸ்பத்திரி மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் வந்திருக்கவே மாட்டேன். எழுதினால் போதும் என்றதால் ஒத்துக்கொண்டேன். நான் படித்தது ஐந்தாவது வரைக்கும், நகரிப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். வார்டில் ஆயாவாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னிடம் ஒரு விஷயம்தான் இருக்கிறது.

1. முதல் நாள்

நான் சேர்ந்தபோது இதற்குத் தருமாஸ்பத்திரி என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் ஒரு தொரசாணியம்மா கட்டியது. பிரசவம், காய்ச்சல், பாம்புக்கடி, எது வந்தாலும் பார்ப்பார்கள். ஓட்டுக் கூரை போட்ட நீள வார்டு. ஒரே வரிசையில் பதினாறு கட்டில். வார்டுக்கு ஒரு பக்கம் ஜெபக்கூடம், மறு பக்கம் கிணறு.

முதல் நாள் எலிசா சிஸ்டர் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார். அவர் அப்போது சின்ன வயது நர்ஸ், பிறகு ஹெட் சிஸ்டர் ஆனார்.

"மங்கம்மா, இங்க வலது, எடதுன்னு எவளும் பேசக் கூடாது. ஜெபக்கூடத்துப் பக்கம், கிணத்துப் பக்கம். அவ்ளோதான். புரிஞ்சுதா?"

"ஏன் சிஸ்டர்?"

"கேள்வி வேற கேக்கறியா? தொரசாணியம்மா போட்ட ரூலு."

காரணம் பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் ஒரு ஆயா, நோயாளிக்கு எதிரே நின்றுகொண்டு, தன் வலதை அவருடைய வலது என்று சொல்லி நல்ல காலில் கட்டுப் போட வைத்துவிட்டாளாம். அதிலிருந்து இந்தப் பழக்கம். எல்லாக் கட்டிலுக்கும் தலைமாடு ஒரே சுவரில் இருந்தது. அதனால் படுத்திருப்பவருக்கு ஜெபக்கூடத்துப் பக்கம் என்றால் இடது, கிணற்றுப் பக்கம் என்றால் வலது. நாங்கள் வாயால் சொல்வோம், சிஸ்டர் கேஸ் ஷீட்டில் லெஃப்ட், ரைட் என்று மாற்றி எழுதுவார். யோசிக்கவே மாட்டார். கை தானாக எழுதும்.

2. நரம்பு ஆஸ்பத்திரி

வெளிநாட்டு டாக்டர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். கட்டில்கள் காலியாயின. ஓடு ஒழுகியது. சில வருடம் ஓ.பி. மட்டும் நடந்தது. மூடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம்.

அப்போது திருப்பதியிலிருந்து ஒரு நரம்பு டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வர ஆரம்பித்தார். வலிப்புக்கு மருந்து இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் பலமனேர், சத்தியவேடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். சிலர் வீட்டுப் பிள்ளைகளைக் கையைக் கட்டிக் கூட்டி வந்தார்கள். சிலர் உடம்பில் சூடு போட்ட தழும்பு இருந்தது. வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் போனது. கடைசியில் கமிட்டி முழுக் கட்டடத்தையும் நரம்பு வைத்தியத்துக்கே கொடுத்துவிட்டது. பிரசவ அறையில், நான் தொட்டில் துடைத்த இடத்தில், தலையில் ஒயர் ஒட்டிப் பார்க்கிற ஈ.ஈ.ஜி. மெஷின் வந்தது.

வார்டில் புதிதாகப் போட்ட ஆக்சிஜன் பைப்பு எதிர்ச் சுவரில் ஓடியது. அதனால் கட்டில்களைத் திருப்ப வேண்டியிருந்தது. பதினாறு கட்டிலையும் நானும் இன்னும் இரண்டு ஆயாக்களும்தான் திருப்பினோம். தலைமாடு இருந்த இடத்தில் கால்மாடு வந்தது. ஜெபக்கூடமும் கிணறும் இருந்த இடத்திலேயே இருந்தன.

3. சுகுணா

அதே வாரத்தில் வந்தவள் சுகுணா. இருபத்து நான்கு வயது. வரதய்யபாளையம் பக்கத்துப் பெண். ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. வலிப்பு வருகிறது என்று அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"ஆயாம்மா, லைன்ல பார்ட்டு மாட்டிக்கினு இருந்தேன். கண்ணு தொறந்து பாத்தா சூப்பர்வைசர் ஷூவைக் கட்டிப் புடிச்சிக்கினு கீழ கெடக்கறேன். என்னைவிட அந்தாளுதான் நடுங்கிக்கினு இருந்தான்" என்று சிரிப்பாள்.

டாக்டர் அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் ஸ்கேனைக் காட்டிச் சொன்னார். நான் பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மூளையில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தழும்பு இருக்கு. எது ஃபிட்ஸ் வரவைக்குதுன்னு ஈ.ஈ.ஜி.ல தெளிவா வரல. எந்தக் கை மொதல்ல இழுக்குதோ, அதுக்கு எதிர்ப் பக்கத்து மூளை. ரைட் சைடு தழும்புன்னா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். லெஃப்ட்ன்னா பேச்சு இருக்கற எடம், தொட முடியாது. வீட்ல எந்தக் கை மொதல்ல ஆடும்?"

அவள் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அவ ஆடறப்போ நான் கண்ண மூடிக்கினு சாமியக் கூப்புடுவேன் சார். கையப் பாக்கல."

"சரி, வார்டுல வந்தா பாப்போம்."

மறுநாள் காலை பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். சுகுணாவின் பேச்சு பாதியில் நின்றது. ஒரு கையில் டிரிப் ஊசி இருந்தது. ஊசி பிடுங்கிக்கொள்ளுமோ என்று ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். அது அசையாமல் என் கைக்குள் கிடந்தது. மற்றக் கையில்தான் கட்டைவிரல் மடங்கியது, பிறகு மணிக்கட்டு, பிறகு வாய் கோணியது. எலிசா சிஸ்டர் வரும்போது உடம்பு முழுவதும் ஆடிக்கொண்டிருந்தது.

"எந்தப் பக்கம் மொதல்ல, மங்கம்மா?"

"ஜெபக்கூடத்துப் பக்கம், சிஸ்டர்."

எழுதிக்கொண்டார். லெஃப்ட் கை. அப்படியென்றால் ரைட் மூளை. ஆபரேஷன் செய்யலாம். சுகுணா அன்று முழுவதும் பாடிக்கொண்டிருந்தாள்.

4. முடி எடுக்காத காலை

ஆபரேஷன் அன்று காலை, தலையின் வலது பக்கம் முடி எடுக்கச் சொன்னார்கள். பேசினில் தண்ணீர், சோப்பு, ரேசர் கொண்டுபோனேன். அவள் கையை எடுத்து ஓரமாக வைத்தேன். புறங்கையில் நீலம் பாரித்திருந்தது, ஊசி குத்திய இடம். நான் பிடித்துக்கொண்டிருந்த கை. ஆடாத கை. அது அவளுடைய இடது கை.

ஜன்னலைப் பார்த்தேன். ஜெபக்கூடம் அவள் வலது பக்கம் இருந்தது. கட்டிலைத் தள்ளியது என் கைதான். வாய் மட்டும் பழையபடி சொல்லியிருக்கிறது.

"இன்னா ஆயாம்மா, ரேசர் புடிக்க மறந்துட்டியா?" என்றாள் சுகுணா.

சிஸ்டர் வந்துவிட்டார். "இன்னும் எடுக்கல? தியேட்டர்ல கூப்புட்டுக்கினே இருக்காங்க!"

"சிஸ்டர், கட்டிலு..."

"கட்டிலுக்கு இன்னா?"

"திருப்பிட்டோமே."

"திருப்பி ஒரு வாரம் ஆச்சு. இப்ப வந்து கட்டில் கதை சொல்லிக்கினு நிக்கற."

மேலே பேச்சு வரவில்லை. பேசினைத் தூக்கிக்கொண்டு நேரே டாக்டர் எதிரில் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் 'ஆமாங்க சார்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"முடி எடுக்கல சார்."

"ஏம்மா, பிளேடு லேதா?"

"இருக்குது சார்."

"பின்னே?"

திரும்பி வார்டுக்குள் நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். சுகுணாவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. பேசினைக் கீழே வைத்துவிட்டு அதில் ஏறி, புடவையைக் காலோடு ஒடுக்கிக்கொண்டு மல்லாந்து படுத்தேன். டாக்டர், சிஸ்டர், சுகுணாவின் அப்பா, வார்டில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். முகம் எரிந்தது.

ஒரு கையைத் தூக்கினேன். "இது ஊசிக் கை சார். ஆடல." மற்றக் கையைத் தூக்கிக் கட்டைவிரலை மடக்கினேன். "இதான் மொதல்ல."

டாக்டர் என் கையைப் பார்த்தார். "அது எந்தப் பக்கம்மா?"

"ஜெபக்கூடத்துப் பக்கம் சார்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். எலிசா சிஸ்டர் "ஏசப்பா" என்று சொல்லி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"கேஸ் ஷீட்டைப் படிச்சேன். கட்டிலை நான் பாக்கல" என்றார் டாக்டர். அன்று ஆபரேஷன் நின்றது.

ஐந்தாம் நாள் டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே சுகுணாவுக்கு வலிப்பு வந்தது. வலது கை, கட்டைவிரல். அப்படியென்றால் பேச்சு இருக்கிற பக்கம். ஆபரேஷன் கிடையாது, மாத்திரைதான் என்று முடிவாயிற்று.

சுகுணா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேட்டாள். "நீ சும்மா இருந்திருந்தா எனக்கு ஆபரேஷன் ஆயிருக்கும் இல்ல? நான் கம்பெனிக்குப் போயிருப்பேன் இல்ல?"

அவள் அப்பாதான் சொன்னார். "நல்ல எடத்த வெட்டிக்கினு, கெட்டத உள்ளியே வெச்சிக்கினு வந்திருப்ப. அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாத."

"தெரியும் நைனா. தெரிஞ்சுதான் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மாத்திரை மாற்றியதில் வலிப்பு குறைந்தது. முழுக்க நிற்கவில்லை. கம்பெனி அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறாள். மாத்திரைக்கு வரும்போது என்னைப் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் காலையைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எலிசா சிஸ்டர் கேஸ் ஷீட்டில் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. தப்பான வரியை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "பாத்தவ நீ. நீயும் போடு." தமிழில் போட்டேன். நான் கையெழுத்துப் போட்ட கேஸ் ஷீட் அது ஒன்றுதான். அன்றோடு ஜெபக்கூடத்துப் பக்கம் என்ற பேச்சு வார்டில் நின்றது.

இப்போது கட்டிலுக்கு மேலே கேமரா இருக்கிறது. இருந்தாலும் நோயாளி பக்கத்தில் நிற்கப்போவது நீங்கள்தான். வார்டில் ஒரு சாமானை நகர்த்தினால், அதை வைத்து நீங்கள் சொல்லிப் பழகிய பேச்சு இன்னும் சரிதானா என்று பாருங்கள். தப்பு தெரிந்தால் சொல்லிவிடுங்கள். கூச்சம் போகட்டும் என்று நான் காத்திருந்தால் அன்று அந்தப் பெண்ணின் தலையைத் திறந்திருப்பார்கள். என் கூச்சம் இன்றைக்கும் போகவில்லை. அன்று அதோடேயேதான் போய்ப் படுத்தேன். வாயில் வராவிட்டால், படுத்துக் காட்டுங்கள்.