கண்ணாடிக்குள் போன டோலி

என்னை அறங்காவலராகப் போட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியில் பாரம்பரிய அருங்காட்சியகம் தொடங்கிய கமிட்டியில் அரிசி ஆலைக்காரர் தலைவர். வக்கீல் இருந்தார், ஓய்வுபெற்ற தாசில்தார் இருந்தார். கல்வராயன் மலையில் ஏறி இறங்கிப் பழம்பொருள் கேட்டு வாங்கத்தான் ஆள் இல்லை. அங்கே இருபது வருஷம் நர்ஸாக நடந்த என் கால் அவர்களுக்குத் தேவைப்பட்டது. சம்பளம் கிடையாது, சால்வை உண்டு.

எனக்கும் ஆசை விடவில்லை. வெள்ளிமலை தாண்டி, ஜீப் நின்றுவிடும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மணி நேரம் நடந்தால் வரும் ஊரில் ஒரு டோலி இருந்தது. கருத்துப்போன நீளக் கம்பு, அதில் தொங்கும் கயிற்றுத் தொட்டில். நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் அதில் வைத்துத்தான் இறக்குவார்கள். "ரோட்டுக்கு அளந்துட்டுப் போயிட்டாங்க, இனிமே இது உங்களுக்கு எதுக்கு?" என்று நான்தான் கேட்டு வாங்கினேன். நர்சம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று கொடுத்துவிட்டார்கள்.

'முற்காலத்தில் பயன்பட்டது' என்று வக்கீல் அட்டை எழுதி வைத்தார். அது பச்சைப் பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ரோடு வரவில்லை. சில மாதம் கழித்து அந்த ஊர்க்காரன் ஒருவன் தம்பியோடு கமிட்டிக் கூட்டத்துக்கே வந்து நின்றான். அவன் பிறந்தபோது பிரசவம் பார்த்தவள் நான். இப்போது அவன் மனைவிக்கு நாள் நெருங்கியிருந்தது. டோலியைத் திருப்பிக் கேட்டான்.

"புதுசா ஒண்ணு கட்டிக்கப்பா" என்றார் தலைவர்.

"மூங்கில்ல கட்டிப் பாத்தோங்க. எறக்கத்துல வளையுது. போன மாசம் ஒரு பெரியவரு வுழுந்து இடுப்பு ஒடிஞ்சிப் போச்சி. இந்தக் கம்பு மாதிரி கெட்டி மரம் வெட்டினா பாரஸ்ட்காரங்க கேஸு போடுவாங்க."

"ரிஜிஸ்டர்ல நம்பர் போட்டாச்சு. கேட்டதும் தூக்கிக் குடுக்க இது இன்னா வாடகைக் கடையா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பழசை அவங்க எடுத்துக்கட்டும். மூங்கில் டோலிய நீங்க இங்க வெச்சிக்கோங்க" என்றேன்.

"அதுல இன்னாம்மா பழமை இருக்குது?" என்று வக்கீல் சிரித்தார். தாசில்தாரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

ஓட்டுக்கு விட்டார்கள். கொடுக்கலாம் என்று கை தூக்கியவள் நான் ஒருத்திதான். ஆனால் சாவி முறைவைத்து மாறும், அந்த வாரம் என் கைப்பையில் இருந்தது. எழுந்துபோய்க் காட்சிக் கூடத்தைத் திறந்தேன்.

"திருட்டுக் கேஸு குடுப்பேன்!" என்று தலைவர் பின்னாலிருந்து கத்தினார்.

"தாராளமா குடுங்க. அதையும் ஒரு அட்டையில எழுதி வெய்யுங்க" என்று நானும் கத்தினேன்.

அண்ணனும் தம்பியும் டோலியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட நினைப்பில் நான் பின்னாலேயே ஓடினேன்.

"நாள் எப்பப்பா? நான் மேல வந்து கூட இருக்கறேன்" என்றேன்.

அவன் நின்றான். குரலில் கோபம்கூட இல்லை.

"வேணாங்க நர்சம்மா. நீங்க வந்தா இன்னும் எதுனா நல்லா இருக்குதுன்னு எடுத்துக்கினு பூடுவீங்க."