டொக்டரின் முகத்துக்கு நேரே கால்

அக்காவின் கொட்டாஞ்சேனை வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் பழுது. நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் காலின் பெருவிரலில் புண் வந்த பிறகு அவளால் படி இறங்க முடியவில்லை, கிளினிக்கும் தவறிப்போனது. வீடியோவில் டொக்டர் பார்ப்பார் என்றார்கள். அவளிடம் இருப்பதோ பொத்தான் போன். ஆகவே என் போனையும் என் பயத்தையும் காவிக்கொண்டு வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன்.

பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் ஓடும். நல்ல சேலை உடுத்தி, பவுடர் பூசி, கதிரையில் நிமிர்ந்து இருந்தவளிடம், "என்னக்கா, பொம்பிளை பாக்கவோ வருகினம்?" என்றேன். காலைச் சேலைக்குள் மறைத்திருந்தாள். புண் மணத்தை மறைக்க முடியவில்லை.

சிக்னல் ஜன்னலோரம்தான். டொக்டர் முதலில் கண்டது என் மூக்குத் துவாரங்களை.

"ஐயா, உங்களுக்கோ சுகமில்லை?"

"பாத்தா அப்பிடித்தான் டொக்டர். ஆனா வருத்தக்காரி அக்கா."

என் மகள் வயதுப் பிள்ளை. சிரிக்கவில்லை. "காலைக் காட்டுங்கோ."

போனை அக்காவின் பக்கம் திருப்பினேன். கும்பிட்டாள். காலை இன்னும் உள்ளே இழுத்தாள்.

"உனக்கு மூளை இருக்கே? டொக்டரின்ர முகம் தெரியுது. முகத்துக்கு நேர காலை நீட்டுறதே?"

"அது முகமில்லையக்கா, படம்."

"சாமிப் படத்துக்கு நேரயும்தான் நீட்டுறேல்லை."

படம் உறைந்தது; திரும்ப வந்தது. "ஐயா, வேற ஆக்களும் காத்துக்கொண்டிருக்கினம்." கெஞ்சினேன், பகிடி விட்டேன், அழுகிற குரலில் ஏசினேன். அவள் அசையவில்லை. கடைசியில் பின்பக்கக் கமராவைப் போட்டு, டொக்டரின் முகத்தை என் பக்கம் எடுத்துக்கொண்டேன். அக்காவுக்குப் போனின் முதுகு மட்டும்.

"டொக்டர் அங்கால திரும்பிட்டா."

"மெய்யே?" என்று கேட்டபடி துணியை அவிழ்த்தாள்.

விரல் கறுத்திருந்தது. போனை அதற்குக் கிட்டக் கொண்டுபோனேன்.

"போனை ஆட்டாதேங்கோ ஐயா. விரலை அமத்திப் பாருங்கோ. அவவுக்குத் தெரியுதோ?"

அமத்தினேன். பிறகு நகம் பதிய அமத்தினேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "என்னடா, இன்னும் தொடேல்லையே? எனக்குக் கூசுமெண்டு பயமோ?"

டொக்டருக்கும் அது கேட்டது. "இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. பிந்தினா விரலோட நிக்காது."

அக்காவைக் கதிரையோடு தூக்கினோம். மேல்பக்கம் நான், கீழ்ப்பக்கம், கெஞ்சிக் கூட்டி வந்த த்ரீவீல்காரர். படி இறங்கும்போது அவருடைய முகத்துக்கு நேரே அவளின் கால்.

"குறை நினையாதேங்கோ தம்பி," என்று அதை மடக்கப் பார்த்தாள். கதிரை சரிந்தது.

"மடக்காதேயக்கா!" கத்திவிட்டேன். "நீட்டிக்கொண்டே இரு."