தாராக்களைக் கிளப்பிய சங்கு

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சங்கு இருக்கிறது. ஊதுகிற வாயில் சிறு உடைவு. அது என் அத்தானின் முன்பல் பட்ட இடம். அக்காவின் கணவரான அவர், 1930களில் வெள்ளைக்காரத் துரைமாரையும் யாழ்ப்பாணத்து வக்கீல்களான அப்புக்காத்துமாரையும் கடல்நீரேரிக் கரைக்குத் தாரா என்கிற காட்டு வாத்து வேட்டைக்குக் கூட்டிப்போவதையே தொழிலாக வைத்திருந்தார். கூடாரம், சமையற்காரன், துவக்கு, தோட்டா, சாய்மனைக் கதிரை எல்லாம் அவர் பொறுப்பு. வேட்டைப் பேச்சில் அவரை வெல்ல ஆளில்லை. அந்த நாளில் சங்கு ஊதுவதில் அவரைவிட மோசமானவரை நான் கண்டதுமில்லை.

அந்தக் கரையில் தங்குவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. நாலு பாலை மரம், ஒரு நன்னீர்க் கிணறு. அரசாங்கக் காணி என்பதால் எல்லோருக்கும் பொது. ஆகவே எல்லோருக்கும் சண்டை. மார்கழியில் அத்தானின் கூட்டம் போகும் அதே நாட்களில், புகையிலைத் தோட்டங்களுக்கு உரமாகும் பச்சைக் குழை வெட்டப் புத்தூர்க்காரரும் மாட்டு வண்டிகளோடு வந்துவிடுவார்கள். விரத காலத்தில் பக்கத்து அடுப்பில் தாரா பொரிந்தால் அவர்களுக்குப் பொறுக்குமா? மாடு கூடாரக் கயிற்றை இழுத்து விழுத்தினால் அப்புக்காத்துமாருக்குத்தான் பொறுக்குமா? வேட்டைக் காலம் முழுவதும் இடம் தனக்கே வேண்டுமென்று அத்தான் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு மனுப் போட்டார். கிடைக்காவிட்டால் பெரிய ஆட்கள் வரமாட்டார்கள், தொழில் படுத்துவிடும். கச்சேரித் துரையோ, தானே வந்து சுட்டும் பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார். அங்கே கிளாக்கராக இருந்த நான் குறிப்பெழுதக் கூடப் போனேன். மனுதாரர் என் அக்கா புருஷன் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

துரை வருமுன் எல்லாம் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்று அத்தான் நம்மூர் வழியில் ஒரு காரியம் செய்தார். இடத்தை இரண்டாகப் பிரித்துக் கிடுகு வேலி அடைத்தார். பங்குக் கிணறுபோல, வேலி கிணற்றின் நடுவாலும் போயிற்று. புத்தூர்க்காரரின் தலைவரை நாங்கள் கமக்காரர் என்றே அழைப்போம். அவரும் அத்தானும் எல்லைக் கயிறு பிடித்து ஒரு சாண் நிலத்துக்காக அரைநாள் வாதாடினார்கள். அங்கே ஒரு பிடி மண்கூடத் தங்களுக்குச் சொந்தமில்லை என்பது இருவருக்கும் நினைவு வரவில்லை. மாடு, வாளி, பொரியல் மணம் எல்லாம் பேசித் தீர்த்தார்கள். சத்தத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

திருவாதிரைக்கு முந்திய நாட்களில் விடியுமுன் சங்கூதிச் சேமக்கலம் அடிப்பது எங்கள் வழக்கம். அத்தானும் வீட்டில் அதைக் கேட்டு எழும்பிக் கைகூப்புகிறவர்தான். ஆனால் அது தன் வேட்டைக் கரைக்கும் வரும் என்று அவர் நினைக்கவில்லை. துரை கோரைக்குள் மூச்சை அடக்கிக் குந்தியிருந்தார். கிழக்கு வெளுக்கிற நேரம், வேலிக்கு அப்பால் கமக்காரர் ஊதினார். நீரேரியில் இருந்த தாராக்கள் அத்தனையும் ஒன்றாக எழும்பின. அத்தான் தலையில் கைவைத்து நிலத்தில் இருந்துவிட்டார். பறவைகளோ சத்தத்துக்கு விலகி, நேரே துரையின் தலைக்கு மேலாகப் பறந்தன. அவர் சுட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு கையிலும் தாராக்களோடு வந்த துரை, ஊதியவர் அத்தானின் ஆளா என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஓமெண்டு சொல்லு தம்பி, உவர் எங்கடை ஆள்தான்," என்றார் அத்தான், கொஞ்சமும் கூசாமல்.

அப்படியானால் இரு கூட்டமும் சேர்ந்தே தங்கட்டும், அடுத்த மார்கழியும் வந்து பார்த்துவிட்டு முடிவை எழுதுகிறேன் என்று துரை புறப்பட்டார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த கமக்காரர் செத்துக் கிடந்தவற்றைக் கண்டார். "என்ரை சங்குக்கோ உவ்வளவும் செத்தது?" என்று கேட்டு, சங்கைச் சாக்கில் வைத்துக் கட்டிவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அதுவரை அவர்களைத் துரத்தப் பாடுபட்ட அத்தான், அடுத்த வருடம் சங்கோடு வரச்சொல்லி அவர்களைக் கெஞ்சப் புத்தூருக்கு மூன்று தரம் நடந்தார். "துரையைத் துவக்கை வைச்சிட்டு வரச்சொல்லும், ஊதுறன்," என்றார் கமக்காரர். குழைக்கு வந்தார்கள், சங்கு வரவில்லை. அத்தான் தானே ஒரு சங்கு வாங்கி வந்திருந்தார். துரை கோரைக்குள் காத்திருக்க, இவர் கன்னத்தை உப்பி ஊதினார். மாடு செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. ஒரு தாராகூட அசையவில்லை. ஆத்திரத்தில் அழுத்தி ஊத, பல் பட்டுச் சங்கு உடைந்தது.

அதற்குமேல் கமக்காரருக்குப் பொறுக்கவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தார். "சங்கைக் கடிக்கிறதுக்கோ வாங்கினனீர்? இஞ்சை தாரும், நான் ஊதுறன்."

அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. கமக்காரர் சங்கோடு கரை வழியே நடந்தார். நல்ல இடம் பார்க்கிறார் என்று நினைத்தோம். துரை இருந்த கோரையையும் தாண்டி, அவருடைய முதுகுக்குப் பின்னால் போய் நின்று ஊதினார். தாராக்கள் எழும்பி எதிர்ப்பக்கமாக, எங்கள் கூடாரங்களுக்கும் வேலிக்கும் மேலாகப் பறந்துபோயின. ஒன்றும் விழவில்லை.

நனைந்த சப்பாத்தோடு வந்த துரை, இடம் எல்லோருக்கும் பொது, தனியுரிமை யாருக்கும் இல்லை, வேலியைப் பிடுங்க வேண்டும் என்று எழுதச் சொன்னார். அக்காவை நினைத்தபடி நான் எழுதினேன். அப்புக்காத்துமார் குறைந்தார்கள். பிறகு உலகச் சண்டை வந்து தோட்டாவும் கிடைக்காமல் போயிற்று. காடு தெரிந்தவர் என்பதால் புத்தூர்க்காரர் அத்தானைக் குழை உள்ள இடம் காட்டக் கூட்டிப்போனார்கள். அந்த ஓரிரு வருடத்தில் அவருக்குச் சங்கு ஊதவும் வந்துவிட்டது. "சுடாமல் பாத்தால் உதுகள் வடிவாத்தான் இருக்குதுகள், தம்பி," என்று ஒருமுறை தாராக்களைக் காட்டி என்னிடம் சொன்னார்.

அத்தான் இப்போது இல்லை. அவருடைய சங்கை நான் எத்தனை தரம் ஊதியும் வெறும் காற்றுத்தான் வருகிறது. ஆனால் மார்கழி விடியலில் தெருவில் சங்குச் சத்தம் கேட்டால், அக்கம்பக்கத்தார் எல்லோரும் கைகூப்புகிறார்கள். நான் முதலில் வானத்தைப் பார்க்கிறேன்.