அறந்தாங்கி ரோட்டில் ஒரு நெடுந்தீவு மதில்

அறந்தாங்கி போகிற வழியில் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கி எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போகிறோம். கடையைச் சுற்றி இடுப்பளவு மதில். செம்புறாங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இடுக்கு வழியாக அந்தப் பக்கம் மேயும் ஆடு தெரிகிறது.

கட்டத் தெரியாதவர் வேலை என்று நினைத்து, "சிமெண்ட் பூசலையாங்க?" என்று கேட்டுவிடுகிறேன்.

டீ ஆற்றும் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அதுவரை "வாங்க, உக்காருங்க" என்று இந்த ஊர்த் தமிழ் பேசியவர் சட்டென்று இலங்கைத் தமிழுக்கு மாறுகிறார்.

"நான் நெடுந்தீவு. சண்டை நேரம் வள்ளத்தில வந்தனாங்கள். எங்கட தீவில ஒருத்தரும் மதிலுக்குச் சீமெந்து பூசுறேல்ல. முருகைக்கல் எண்டு பவளப்பாறைக் கல்லு, அதை அடுக்கி விடுறதுதான். கடல்காத்து ஊடால போகும், மதில் நிக்கும்."

"கல்லு விழுந்தா?"

"வழியால போற ஆரும் எடுத்து வைப்பினம். வீட்டுக்காரரைக் கூப்பிடுறேல்ல."

இந்த ரோட்டில் கடல்காற்று ஏது என்று நினைத்துக்கொள்கிறேன்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். அவசரத்தில் என் பை இடித்து மேல்கல் ஒன்று கீழே விழுகிறது. நான் திருதிருவென்று முழிக்க, டீ குடித்துக்கொண்டிருந்த உள்ளூர் விவசாயி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வருகிறார். கல்லை இரண்டு முறை திருப்பிப் பார்த்து, பொருந்துகிற பக்கமாக உட்கார வைக்கிறார்.

"அந்தம்மாகிட்ட சொல்லிருவோமா?" என்கிறேன்.

"விழுந்துச்சு, எடுத்து வச்சாச்சு. இதுக்குப் போயி அவுங்களக் கூப்புடுவாங்களா? நீங்க பஸ்ஸப் புடிங்க."