வாசல் வைக்காத நூலகம்

ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சு, அதன் மேல் ஒரு முக்காலி. நூலகத்து அக்கா காலையில் வந்ததும் அக்கம்பக்கம் ஒருமுறை பார்ப்பார். பையன்கள் யாரும் இல்லை என்று தெரிந்தால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, ஜன்னலுக்குள் ஒரு காலை விட்டு, "முருகா" என்று குரல் கொடுத்தபடி உள்ளே இறங்குவார். பிறகு உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீளும். அந்தக் கையில் அவருடைய தூக்குச்சட்டியைக் கொடுக்க வேண்டியது என் வேலை. ஒரு கல்லூரி நூலகம் தினமும் இப்படித்தான் திறந்தது என்று சொன்னால் என் பேத்தி, "கதை விடாதீங்க" என்கிறாள். கதை விட எனக்கு எங்கே தெரியும்? நான் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவள்.

புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் கீரமங்கலத்திலிருந்து வந்து கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வரலாறு ஒரு சத்திரத்து மாடியில் நடந்தது. பொருளாதாரம், முன்பு குதிரை வண்டிகள் நின்ற கொட்டகையில். தமிழுக்கு இடமே இல்லை, மரத்தடியும் வராந்தாவும்தான். இந்த மூன்றையும் ஊருக்கு வெளியே, திருமயம் ரோட்டில், ஒரே வளாகத்தில் சேர்த்துவிடுவது என்று முடிவானது. மனிதரைப் பற்றிப் படிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்தால் ஒருவர் படிப்பு மற்றவருக்கு உதவும் என்று எங்கள் பிரின்சிபால் ஆசைப்பட்டார். நல்ல ஆசைதான். அந்த மூன்று துறைத் தலைவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரு காபி குடிக்கவைக்கக்கூட அவரால் முடிந்ததில்லை என்பது வேறு விஷயம்.

வளாகத்தின் நடுவே பொது நூலகம் வர வேண்டும். பழைய சமஸ்தானத்துப் புத்தகங்களை அதில் வைப்பதாக ஏற்பாடு. அந்தப் புத்தகங்களோடு சேர்ந்து வந்தவர்தான் அக்கா. அரிமளத்துக்காரர், சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். படித்தது கொஞ்சம்தான், ஆனால் தூசி தட்டுகிற சாக்கில் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டியே அவர் வருஷங்களைக் கழித்திருந்தார். புத்தகங்கள் இருந்த பழைய கட்டடத்தை வேறு ஆபீசுக்குக் கொடுத்துவிட்டார்கள். புது வளாகத்தில் நூலகம் ஒழுங்காக நடக்காவிட்டால் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிச் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள். "பொஸ்தகம் போச்சுன்னா நானும் போக வேண்டியதுதான் தங்கச்சி. அண்ணன் வீட்டு அடுப்படியில உக்காந்து காலந்தள்ளணும்" என்பார் அக்கா. நானும் அவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அந்த அடுப்படியைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

நூலகத்துக்கு வாசல் எந்தப் பக்கம் என்று வரைபடத்தைப் பார்த்துப் பேசிய அன்றுதான் வினையே ஆரம்பித்தது. கட்டடம் ப வடிவம். வரலாறு ஒரு கை, தமிழ் ஒரு கை, பொருளாதாரம் நடு உடம்பு. மூன்றுக்கும் இடையில் நூலக அறை; அதன் நான்காவது பக்கம் பாறைச் சரிவு, அங்கே வாசல் வைக்க வழியில்லை. வாசல் எந்தப் பக்கம் வந்தாலும் அந்தத் துறையின் வராந்தாவில் மற்ற இரண்டு துறைப் பிள்ளைகளும் நடப்பார்கள். "எங்க வராந்தாவுல ஊர்ப்பட்ட பயலுகளும் போகவர இருந்தா நான் எப்படிங்க பாடம் நடத்துறது?" என்று வரலாற்றுப் புரொபசர் பென்சிலை எடுத்துத் தன் பக்கம் குறித்திருந்த வாசலைக் கோடு போட்டு அடித்தார். பென்சில் அப்படியே கைமாறியது. எங்கள் தலைவரும் அடித்தார், தமிழய்யாவும் அடித்தார். வாசலைப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம் என்று கூட்டத்தை முடித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு கட்டும்போது நிலை வைப்பது சின்ன விஷயமில்லை. வாசல் நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, நல்ல நேரம் பார்த்து, வீட்டுக்காரர் முன்னால் நிற்க வேண்டும். மூன்று தலைவர்களும் தத்தம் துறைக்குத் தாங்களே வீட்டுக்காரர் போல, வெவ்வேறு நாளில், பெண்டாட்டி சகிதம் வந்து தேங்காய் உடைத்து நிலை வைத்துவிட்டுப் போனார்கள். நூலகத்துக்கு யார் வருவார்கள்? அது எல்லாருக்கும் சொந்தம். அதனால் யாரும் வரவில்லை. செம்புறாங்கல் சுவர் மளமளவென்று எழும்பியது. ஒருநாள் போய்ப் பார்க்கிறோம், நான்கு பக்கமும் சுவர், மூன்று துறைகளைப் பார்த்து மூன்று ஜன்னல், மேலே கூரை. வாசல் மட்டும் இல்லை!

மேஸ்திரியைப் பிடித்து உலுக்கினேன். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறினார். "நெலை வைக்க யாருமே வரலீங்களே. நெலை வைக்காம வாசல் விட்டா வீடு வெளங்காது. யாராச்சும் வருவாக, வருவாகன்னு பாத்தேன். கல்லு வீணாக் கெடக்குதேன்னு ஏத்திட்டேன். எங்கிட்டு வேணும்னு சொல்லுங்க, இடிச்சுத் தாறேன்." எங்கிட்டு என்று சொல்லத்தானே இத்தனை மாதமும் ஆளில்லை? படித்தவர்கள் இத்தனை பேர் கூடி, உள்ளே போக வழியில்லாத ஓர் அறையை எப்படிக் கட்டி முடித்தோம் என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தீரவில்லை.

பழைய கட்டடத்தைக் காலி செய்யும் நாள் வந்துவிட்டது. நல்லவேளையாக ஜன்னல்களுக்குக் கம்பி போடவில்லை. பிள்ளைகள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி கழற்றிய அலமாரிப் பலகைகளையும் எல்லாப் புத்தகத்தையும் ஜன்னல் வழியாகவே உள்ளே கொடுத்தார்கள். அக்கா உள்ளே நின்று வாங்கி அடுக்கினார். மறுநாளிலிருந்து அந்தப் பெஞ்சும் முக்காலியும்தான் நூலகத்தின் வாசற்படி.

சும்மா சொல்லக்கூடாது, நூலகம் நடந்தது. ஜன்னலில் வந்து புத்தகம் கேட்கிற பிள்ளையிடம் அக்கா உடனே எடுத்துத் தரமாட்டார். "எதுக்குப்பா இது?" என்று கேட்பார். அதிகாரத்தால் அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை. பதில் வந்ததும் அடுத்த கேள்வி வரும். வரலாற்று மாணவன் ஒருவன் பழைய கண்மாய்களைப் பற்றிக் கேட்டான். எங்கள் துறைப் பையன் கண்மாய்ப் பாசனத்தைக் கேட்டான். தமிழ் படித்த ஒரு பெண், கண்மாய்களுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று தேடிக்கொண்டிருந்தாள். "மூணு பேரும் ஒரே கண்மாயச் சுத்திக்கிட்டு ஆளுக்கொரு சன்னலுக்கு வாரீகளே! எல்லாரும் அங்கிட்டு வேப்பமரத்துப் பக்கம் போங்க, ஒண்ணா எடுத்துத் தாரேன்" என்றார். அதிலிருந்து வேப்பமரத்து ஜன்னலடியில் எந்நேரமும் கூட்டம். பிரின்சிபாலால் முடியாததை இந்த அக்கா ஜன்னலுக்குள் நின்றுகொண்டே செய்துவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

வரலாற்றுப் புரொபசர் கனத்த சரீரம். ஜன்னல் வழியாக ஏற முடியாது, ஏறினாலும் மரியாதை என்ன ஆவது? பாடம் முடிந்ததும் வந்து வெளியே நிற்பார். "அந்த மேல் தட்டுல செவப்பு அட்டை போட்டு ஒண்ணு தெரியுதே, அது என்னம்மா?" அக்கா பெயரை வாசிப்பார். "அதுக்குப் பக்கத்துல?" அதையும் வாசிப்பார். மிட்டாய்க் கடை முன்னால் நிற்கிற பிள்ளையைப் போல அவர் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்ப்பதைக் கண்டால் பாவமாக இருக்கும். ஆனாலும் தன் பக்கத்துச் சுவரை இடிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

ஒருநாள் சென்னையிலிருந்து அதிகாரி வந்தார். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். மறுபடியும் சுற்றினார். "லைப்ரரிக்கு வாசல் எங்கே?" மூன்று தலைவர்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஜன்னலுக்குள் அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "அப்படின்னா லாரி அனுப்பிடவேண்டியதுதான்" என்று அதிகாரி சொன்னதுதான் தாமதம், புரொபசர் முன்னால் வந்தார். "வாசல் எங்க பக்கந்தாங்க வருது. இந்த வாரமே நெலை வைக்கிறோம்." உடனே எங்கள் தலைவர், "ஏன், எங்க பக்கம் வரட்டுமே" என்றார். தமிழய்யா விடுவாரா? வேண்டாம் வேண்டாம் என்று அடித்த வாசலுக்கு இப்போது மூன்று பேரும் போட்டி போட்டார்கள். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அறந்தாங்கிப் பக்கம் சில நாள் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் வாசல் இருந்தால் புத்தகங்கள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். முந்திக்கொண்டவர் புரொபசர் என்பதால் வாசல் அவர் பக்கமே முடிவானது.

நிலை வைத்த அன்று அக்கா விடியும்போதே போய் ஜன்னல் வழியாக இறங்கிவிட்டார். "மங்கல காரியம் நடக்குற எடத்துல நான் எதுக்குக் கண்ணுல படணும்? உள்ளாறயே இருந்துக்கிறேன்" என்றார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் கணவனை இழந்தவர்களை நிலைக்கு முன்னால் நிற்க விடாத காலம் அது. அவரே ஒதுங்கிக்கொண்ட பிறகு நான் யாரோடு சண்டை போடுவது?

சுவரை இடித்தார்கள். மஞ்சள் பூசிய நிலை ஏறியது. மூன்று துறைகளும் கூடி நின்றன. புரொபசரின் மனைவி, ஏற்றிய காமாட்சி விளக்கோடு தயாராக நின்றார். "அம்மா மொதல்ல வலது காலை வச்சு உள்ள போங்க" என்றார் மேஸ்திரி. அந்த அம்மா காலெடுத்தார்.

"இரு" என்றார் புரொபசர்.

அவர் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அறையின் கடைசி மூலையில், அலமாரிக்குப் பின்னால், சேலைத் தலைப்பு கொஞ்சம் வெளியே தெரிந்தது. "உள்ள ஏற்கெனவே வீட்டுக்காரங்க இருக்காங்க. அவங்க கூப்பிடாம நாம எப்படிப் போறது?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, நிலைக்கு இந்தப் பக்கமே நின்று குரல் கொடுத்தார்: "உள்ள வரலாமாம்மா?"

சேலைத் தலைப்பு வெடுக்கென்று உள்ளே இழுபட்டது. பிறகு அக்கா மெல்ல அலமாரி மறைவை விட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் தூசி, கண்ணீர் அதில் கோடு போட்டிருந்தது. "வாங்க" என்றார். "எல்லாரும் வாங்க." நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். புரொபசரின் மனைவி நேராகப் போய் விளக்கை அக்காவின் கையில் கொடுத்தார். "எங்கிட்டு வைக்கணுமோ நீங்களே வைங்கக்கா."

அக்கா விளக்கை வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். அழுகை நிற்கவில்லை, ஆனால் குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. "எல்லாரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பொஸ்தகத்துல தீப்பிடிச்சுரப் போகுது."