நின்னுடுச்சா?

அம்மா குந்தியபடி படுக்கை விரிப்பைக் கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. மகள் வாங்கிப்போட்ட புது மெஷின் அறை மூலையில், நெற்றியில் ‘ஹை ஸ்பீடு’ என்ற ஸ்டிக்கரோடு, கூப்பிடாமல் வந்த விருந்தாளிபோல் நின்றது.

மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. அம்மா தனியாக மெஷினை ஓட்டிக்கொள்வாள் என்றால் போவாள், இல்லையென்றால் இல்லை.

“ஹை ஸ்பீடுன்னா சீக்கிரமா பிழியும்னு அர்த்தம்மா, அவ்ளோதான். உன்னைக் கடிச்சுத் திங்கவா போகுது?”

“எனக்கு அர்த்தம் சொல்றியா? அந்த வார்த்தையோட குடும்பம் நடத்தினவடி நான்.”

அம்மா முன்பு வேலைபார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பிழியும் மெஷினுக்குப் பெயரே ஹை ஸ்பீடுதான். சுவிட்சை அணைத்த பிறகும் டிரம் தன்பாட்டுக்குச் சுற்றும். அதனால் அங்கே அந்தச் சொல்லுக்கு வேகம் என்று பொருளில்லை. சொன்னாலும் நிற்காதது என்று பொருள். சூப்பர்வைசர் வாய் ஹை ஸ்பீடு. யாருக்காவது வயிற்றால் போனால் அதுவும் ஹை ஸ்பீடு. இந்தக் கிண்டலையெல்லாம் கிளப்பிவிடுவது, கூடவே வேலைபார்த்த நாத்தனார்.

டிரம் நிற்கும்வரை அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. மூடியைத் தூக்கி, ஈரத்துண்டை மடித்து விளிம்பில் அழுத்திப் பிரேக் போடுவார்கள். எல்லோரும் செய்வதுதான். ஒருநாள் துண்டு சிக்கி, நாத்தனாரின் கையையும் சுருட்டி இழுத்துக்கொண்டது. அம்மா ஓடிப்போய் சுவிட்சை அணைக்கப் பார்த்தாள். அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

நாத்தனார் பிழைக்கவில்லை. அந்தச் சத்தம் பிழைத்துக்கொண்டது. ஃபேன், மிக்ஸி, மழை என்று எதற்குள்ளாவது புகுந்து சுற்றும்.

மகள் விரிப்பைப் பிடுங்கி மெஷினில் போட்டுக் குமிழைத் திருகினாள். உறுமிச் சுற்றியது. மூடியைத் திறந்ததும் பட்டென்று நின்றது.

“பாத்தியா? தொறந்தா தானா நின்னுடும். இது அத்தை காலத்து மெஷின் இல்ல. தொட்டுப் பாரு.”

அம்மா உள்ளே கைவிடவில்லை. மெஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையைப் பதித்தாள்.

“நின்னுடுச்சா?”

“நின்னாச்சு.”

“நல்லாப் பாருடி.”

“கண்ணெதிர்ல நிக்குதேம்மா!”

அம்மா கையை எடுக்கவில்லை. விரல்கள் மட்டும் எதனோடோ சேர்ந்து மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தன.

மகள் கொஞ்ச நேரம் அந்த விரல்களையே பார்த்தாள். பிறகு கட்டில்மேல் பாதி அடுக்கிக் கிடந்த பெட்டியிலிருந்து தன் துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக மறுபடி அலமாரியில் வைத்தாள்.

“நின்னுடுச்சாடி?”

மகள் ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, கொடியில் உலர்த்த வெளியே போனாள்.